கூட்டம் கலைக்கும் கதிரும் என் முழங்காலும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. தாங்களும் சம்பந்தி அம்மாவும், அம்மாவின் இடுப்பு வலி நீங்கலாக மற்ற எல்லா நலமும் பெற்று இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம். மாப்பிள்ளை என்னிடம் பேசுவதில்லை, அவர் பேசாததால் என் மகளும் பேசுவதில்லை, இவர்கள் இரண்டு பேரும் பேசாததையும் சேர்த்து என் மனைவியே பேசிவிடுகிறாள் என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

நேற்றுத் தாங்கள் போனில், "என் பையனோட ஏழு வருஷ உழைப்பை ஒத்த முழங்காலால கெடுத்துட்டீங்களே சம்பந்தி" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்தும் விட்டீர்கள். ஒற்றை முழங்கால் அல்ல, இரண்டு. அதிலும் என்னுடையவை மட்டும் அல்ல. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு திட்டுங்கள்.

தங்கள் மகன் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் வெப்பக் கதிர் ஆயுதம் செய்வது தாங்கள் அறிந்ததே. குண்டு கிடையாது, புகை கிடையாது. லாரியின் முதுகில் அண்டா மூடி அளவுக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். அதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினால் கண்ணுக்குத் தெரியாத கதிர் தோலில் பட்டு, அடுப்புக்குள் கை விட்டதுபோல் சுரீரென்று சுட்டு, கூட்டம் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓட வேண்டும். காயம் படாது என்கிறார் மாப்பிள்ளை. ஆனால் யார் மேலாவது பாய்ச்சிப் பார்த்தால்தானே தெரியும்? அதற்குக் கூட்டம் கிடைக்கவில்லை. சோதனை தேறினால் மாப்பிள்ளை அந்தப் பிரிவுக்கே தலைவர்; தேறாவிட்டால் பிரிவை மூடிவிட்டு அவரைக் கிடங்குக்கு அனுப்பி, ராணுவ பூட்ஸுகளுக்கு ஜோடி சேர்க்க வைப்பார்களாம். அத்தனை படித்த பிள்ளை வாடிய முகத்தோடு சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் பெண்ணைக் கொடுத்தவனுக்குப் பொறுக்குமா? "கூட்டம்தானே மாப்பிள்ளை, நான் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். அந்த வாயைத்தான் தைத்திருக்க வேண்டும்.

பூங்காவில் காலையில் என்னோடு நடக்கும் ஓய்வுபெற்ற கோஷ்டியைத் திரட்டினேன். ஊர் வம்பு முழுக்க ஊசியில் கோத்து வைத்திருக்கும் தையல்காரர் ஒருவர், தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், பஸ் டெப்போவில் நான் டைம்கீப்பராக இருந்த காலத்து டிரைவர்கள், கண்டக்டர்கள். தீயணைப்புக்காரர், "நெருப்புக்குள்ளயே குடித்தனம் பண்ணினவன் நான், இதெல்லாம் எம்மாத்திரம்?" என்றார். எங்களை ஒரு பொட்டல் மைதானத்தில் நிறுத்தி, எழுத்தே இல்லாத அட்டைகளைக் கையில் கொடுத்து, கோஷம் போடச் சொன்னார்கள். "எதை எதிர்த்துப் போடணும்?" என்று தையல்காரர் கேட்டார். மாப்பிள்ளையின் மேலதிகாரி, "எதையும் எதிர்க்க வேணாம், பொதுவா கத்துங்க" என்றார். பொதுவாகக் கத்துவது எப்படி என்று எங்களுக்குள் சண்டை வந்து, அடிதடி ஆகும் நிலையில், ஓய்வூதியத்தை உயர்த்து என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டோம். அதிகாரி தானும் சேர்ந்து ஒரு தடவை கத்தினார், பாவம், அவருக்கும் ஓய்வு நெருங்குகிறது.

பிறகு தட்டு எங்கள் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை லாரிக்குள் இருந்து ஒலிபெருக்கியில், "தாங்க முடியலேன்னா மட்டும் ஓடுங்க" என்றார். நாங்களும் தாங்க முடியாமல் போவதற்காகக் காத்திருந்தோம். வந்தது பாருங்கள் ஒரு வெதுவெதுப்பு! வெந்நீர் ஒத்தடம் தோற்றது போங்கள். "ஐயோ, முட்டி வலி விட்டுப்போச்சு!" என்று முதலில் கூவியவர் தையல்காரர். எனக்கும் விட்டது. மடக்கினேன், மடங்கியது. நீட்டினேன், நீண்டது. தீயணைப்புக்காரர் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். டிரைவர்கள் கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டினார்கள். "முன்னாடி இருக்கறவங்களே அனுபவிச்சா எப்படி, பின்னாடி இருக்கறவன் மனுசன் இல்லையா?" என்று ஒரு குரல். ஓய்வுபெற்றவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் நின்றால் ஐந்தாமவர் பின்னால் வந்து நிற்பார், அது எங்கள் ரத்தத்தில் ஊறியது. ஆகவே கூட்டம் கலையவில்லை சம்பந்தி, வரிசையாகிவிட்டது.

ஒலிபெருக்கியில் மாப்பிள்ளையின் குரல் கெஞ்சியது. "மாமா, ஓடுங்க மாமா!"

"எங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"எங்கயாவது ஓடுங்க!"

"தாங்க முடியலேன்னாதானே ஓடச் சொன்னீங்க? நல்லாத்தானே இருக்கு!"

நேர்மையாகப் பதில் சொன்னது ஒரு குற்றமா? பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த மேலதிகாரி அதைக் கீழே வைத்துவிட்டு, "இதை எதிரி மேல பாய்ச்சினா அவன் ஓடுவானா, இல்ல மாமனார் மாமியாரையும் கூட்டிட்டு வருவானா?" என்று கேட்டாராம். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். திட்டியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். அந்த முதுகைத் துடைத்துப் போட முடியவில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

ஆகவே பரிகாரம் ஒன்று செய்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை மறுசோதனை. மறுபடியும் நாங்கள்தான் கூட்டம், வேறு ஆள் இல்லை. இந்த முறை ஓடுவது என்று முடிவு செய்துவிட்டோம். பூங்காவில் தினமும் அலறல் ஒத்திகை நடக்கிறது. தையல்காரர் அலறுகிற அலறலில் நேற்று யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவ்வளவு அருமையான கதிரை வீணாக்க மனம் வரவில்லை. அதனால் முதலில் கொஞ்ச நேரம் எல்லோரும் முகத்தைச் சுளித்தபடி காட்ட வேண்டிய இடங்களைக் காட்டிக்கொள்வது, நான் தொப்பியைக் கழற்றியதும் அலறி ஓடுவது என்று ஏற்பாடு. மாப்பிள்ளைக்குப் பதவியும் ஆயிற்று, எங்களுக்கு வைத்தியமும் ஆயிற்று. தாங்கள் சம்பந்தி அம்மாவை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். எந்த டாக்டருக்கும் அடங்காத அந்த இடுப்பு வலிக்கு, முன் வரிசையில், தட்டுக்கு நேர் எதிரே, நல்ல இடமாகப் பிடித்து வைத்திருக்கிறேன். மறுக்கக் கூடாது.

தங்கள் குடும்பம் ஆல்போல் தழைத்து, இடுப்பும் முட்டியும் இரும்பாக நின்று, நூறாண்டு வாழ வேண்டுகிறேன். என் மனைவி நமஸ்காரம் சொல்லச் சொன்னாள், அவள் சொன்ன மற்றவற்றை எழுத இடம் இல்லை.

இப்படிக்கு,
முட்டி வலி அறவே நீங்கப்பெற்ற
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: சம்பந்தி, கிளம்பாதீர்கள்! டிக்கெட் எடுத்திருந்தால் உடனே ரத்து செய்யுங்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை ஓடி வந்தார், சிரித்துக்கொண்டே வந்தார், என்னைப் பார்த்து "மாமா" என்று வேறு கூப்பிட்டார். இயந்திரத்தை இன்று பிரித்துப் பார்த்தார்களாம். அன்றைக்கு அது ஓடவே இல்லையாம். மேலே ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன்: மைதானத்தில் டீ கொடுத்தால்தான் கோஷம் என்று நான் அடம் பிடித்தேன். கேன்டீன்காரர் டீ பாய்லருக்கு வேறு பிளக் கிடைக்காமல், லாரிக்குப் போன ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன் ஒயரைச் செருகியிருக்கிறார். எதிரியை விரட்ட வேண்டிய சக்தி எங்களுக்கு டீ போட்டிருக்கிறது. எங்கள் மேல் பட்டது வெறும் காலை வெயில். சனிக்கிழமை ஒயரைச் சங்கிலி போட்டுப் பூட்டப் போகிறார்களாம். கோஷ்டியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "முன் வரிசையை நீ ஒருத்தனே அமுக்கலாம்னு பாக்கறியா?" என்று கேட்டுவிட்டு, சம்பந்தி அம்மாவுக்காக நான் பிடித்து வைத்த இடத்தில் தீயணைப்புக்காரர் இப்போதே பெயர் எழுதிவிட்டார். எழுதட்டும், நல்லா எழுதட்டும். எனக்குக் கடைசி வரிசை போதும். ஆனால் மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்ன நிமிடத்திலிருந்து இரண்டு முட்டியும் பழையபடி குடைகின்றன, மாடிப்படிகூட ஏற முடியவில்லை. "இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எப்படி மாப்பிள்ளை ஓடுவேன்?" என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்து, "கவலையே படாதீங்க மாமா, ஓடுவீங்க" என்றார்.