டாக்டர் ஓங்கின் கோழிகளும் என் அப்பாவின் பிடிச்சோறும்

தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன் கொஞ்ச நாளில் எதனோடாவது பேச ஆரம்பித்துவிடுவான். சுவரோடு பேசுகிறவர்கள் உண்டு, தண்ணீர்ச் செம்போடு பேசுகிறவர்கள் உண்டு. நான் கோழிகளோடு பேசினேன். பேசியதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வைத்திய ஆராய்ச்சி பிழைத்திருக்கும்.

அப்போது எனக்கு மீசை முளைத்திருந்தது, புத்தி முளைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ரங்கூனில் இறங்கியிருந்தேன். வேலை வாங்கித் தருகிறேன் என்று வரவழைத்த சித்தப்பா, நான் வந்த கையோடு மோல்மீனுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். லான்மடாவில் ஓர் அறை, அடுத்த சந்தில் பொன்னம்மா அக்காவின் சாப்பாட்டுக் கடை, "பத்திரமா இருடா" என்று ஒரு வார்த்தை, இவ்வளவுதான் அவர் எனக்கு விட்டுப்போன ஆஸ்தி. ரங்கூனில் தமிழ்ப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. துறைமுகத்தில், ரயிலடியில், முனிசிபல் குப்பை வண்டியில் எங்கே திரும்பினாலும் தமிழ்தான். ஆனால் அதில் ஒரு சொல்கூட என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. சாயங்காலங்களில் தெருவில் யாராவது "டேய்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். (என்னை இல்லை. ஒருநாளும் என்னை இல்லை.) அறைக்குப் போய் அழுதிருக்கிறேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

வேலை கிடைத்தது லத்தாவில், சீனர்கள் வாழும் பகுதியில். டாக்டர் ஓங் என்ற சீன டாக்டர் அங்கே ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, கீழ்த்தளத்தை ஆராய்ச்சிக்கூடமாக வைத்திருந்தார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும், மனைவி மக்களைச் சீனத்தில் விட்டுவிட்டு வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டோம். அதுவும் வேலைக்கு வேண்டிய மட்டும்தான்.

நாகப்பட்டினத்துக்கு நான் எழுதியது "ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர்" என்று. மகன் ரங்கூனில் ஆபரேஷன் செய்வதாக அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் செய்ததோ கோழிக்குத் தீனி வைத்து, எச்சம் அள்ளி, அவை எப்படி நடக்கின்றன என்று பார்த்துச் சொல்வது. ஏழு தலைமுறையாக முட்டை ஓட்டைக்கூடத் தொடாத சைவக் குடும்பம் எங்களுடையது. (அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் கப்பலேறி வந்து காதைத் திருகியிருப்பாள்.)

கோழிகளுக்கு என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் பெரிபெரி என்ற வியாதி சீனத் தொழிலாளிகளை வாரிக்கொண்டு போயிற்று. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும், பிறகு நடக்க முடியாது, கடைசியில் நெஞ்சு அடைத்துவிடும். ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் சாப்பிடுவதுதான் காரணம், தவிட்டில் இருக்கும் சத்து போய்விடுகிறது என்பது டாக்டரின் கட்சி. வேறு ஊர்களில் பெரிய டாக்டர்கள் இதையே சொல்லியிருந்தார்களாம். ரங்கூன் ஆஸ்பத்திரியில் அதிகாரம் வைத்திருந்த துரை டாக்டர் மட்டும் நம்பவில்லை. அது ஈரத்தால் வருகிற வியாதி என்று அடித்துச் சொல்லிவிட்டு, பெரிபெரி நோயாளிகளுக்கு வேளை தவறாமல் வெள்ளைச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் ஆ-செங் கிடந்தான். எங்கள் கோழிக்கூண்டுகளைச் செய்து கொடுத்த தச்சன். கூண்டுக் கதவைப் பொருத்தும்போதே, கால் கட்டை மாதிரி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அடுத்த மாதம் அவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து, நெடுநேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றார்.

ஏற்பாடு இதுதான். ஒரு கூண்டுக் கோழிகளுக்குத் தவிட்டோடு அரிசி, மற்றக் கூண்டுக்குத் தீட்டிய வெள்ளை அரிசி. வெள்ளை அரிசிக் கோழிகளுக்குச் சில வாரங்களில் கால் விழுந்து, நடக்க முடியாமல் போய்விடும். துரை டாக்டர் நேரில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். பார்த்து நம்பினால் ஆஸ்பத்திரியில் அரிசியை மாற்றுவார், ஆ-செங் பிழைப்பான். "வெள்ளை அரிசி மட்டும். வேறு எதுவும் கூடாது, ஒரு புழுகூட" என்றார் டாக்டர். நான் புழுவை விரட்டினேன், கரப்பானை விரட்டினேன், கூண்டுப் பக்கம் வந்த ஈயைக்கூடத் துண்டால் அடித்து விரட்டினேன். அப்படி ஒரு கடமை வீரன்.

இன்னொன்றும் அவர் ஒருநாள் சொன்னார். போட்டாதாங் துறையில் சீனனும் மூட்டை தூக்குகிறான், தமிழனும் தூக்குகிறான், தமிழனுக்கு மட்டும் இந்த வியாதி வருவதில்லை. ஏனென்றால் தமிழன் நெல்லை உமியோடு அவித்து அரிசியாக்குகிறான், தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்றார். யாரோ எங்கள் குலத்தையே மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியது போல நான் பெருமையாகத் தலையாட்டினேன். தலையாட்டிய நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இனி என் சாப்பாட்டுக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டர் என்னை மாடிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மேஜைமேல் பன்றி இறைச்சி பளபளத்தது. "சாப்பிட்டுவிட்டேன்" என்று பொய் சொல்லி இறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. அவர் மேலே தனியாகச் சாப்பிட்டார். நான் கீழே, கோழி அறையில், பொன்னம்மா அக்கா கொடுத்தனுப்பும் தூக்கை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டேன்.

எங்கள் வீட்டில் சாப்பிடும் முன் காக்காய்க்கு ஒரு பிடி வைக்காமல் வாயில் சோறு வைக்க மாட்டோம். அப்பா போன பிறகு அது அப்பாவுக்கு என்றே ஆகிவிட்டது. ஆனால் அந்த அறை ஜன்னல்களில் பூனை வராமலிருக்கக் கம்பி வலை அடித்திருந்தது. காக்காய் வெளியே உட்கார்ந்து என்னைப் பார்க்கும், உள்ளே வர வழியில்லை. முதல் நாள் பிடிச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். எதிரே கூண்டு. அலகு இருக்கிறது, இறகு இருக்கிறது, காலும் இரண்டுதான். அப்பா ஜீவித்திருந்தபோதே எதற்கும் குறை சொல்லாதவர், இதற்கா சொல்லப்போகிறார் என்று கம்பி இடுக்கில் வைத்துவிட்டேன்.

டாக்டர் சொன்னதை மீறுகிறோம் என்று துளிகூடத் தோன்றவில்லை. தீனி என்றால் தட்டில் போடுவது. இது படையல். படையலைப் போய் யாராவது தீனிக் கணக்கில் சேர்ப்பார்களா? தவிட்டுக் கூண்டுக் கோழிகள் கொழுத்து மதமதவென்று இருந்தன, அவற்றுக்கு வைக்க மனசு வரவில்லை. வெள்ளை அரிசிக் கோழிகள்தான் சோர்ந்த முகமாக இருந்தன. அவற்றைப் பார்த்தால் எனக்கு என்னையே பார்ப்பது போலிருந்தது. போகப் போகப் பிடி பெரிதாயிற்று. "தம்பி, ரெண்டு கரண்டி கூடவே போட்டிருக்கேன், எளைச்சுப் போயிட்டியே" என்று பொன்னம்மா அக்கா அனுப்பியதும் அங்கேதான் போயிற்று. வைத்துவிட்டு நானும் சாப்பிட உட்கார்வேன். மழை பெய்கிறது, கடிதம் வரவில்லை, காலில் செருப்பு கடிக்கிறது என்று எல்லாம் சொல்வேன். அவை தலையைச் சாய்த்துக் கேட்கும். ரங்கூனில் என் பேச்சைக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

வாரங்கள் போயின. கோழிகளுக்குக் கால் விழவில்லை. டாக்டர் அரிசிக் கடையை மாற்றினார். மூட்டைக்குள் தலையை விட்டு முகர்ந்தார். ஆலைக்கே போய் நின்று தீட்டி வாங்கி வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. "காலம் வந்தால் விழும், டாக்டர்" என்று நான் ஆறுதல் வேறு சொன்னேன்.

துரை டாக்டர் சொன்ன நாளில் சொன்னபடி வந்து நின்றார். வந்தது நடுப்பகல். கோழிகள் வெயில் புழுக்கத்தில் சிறகைத் தளர்த்தி, கண் சொக்கிக் குந்தியிருந்தன. டாக்டர் ஓங் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் உயிர் வந்தது. ஒருவேளை இன்றுதான் ஆரம்பமோ என்று எண்ணியிருப்பார். சோர்வு தெரிகிறது, இது முதல் குறியாக இருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். துரை குனிந்து பார்த்தார். "எழுந்திருக்கவே இல்லையே" என்று தலையை ஆட்டினார். எனக்கு ஆ-செங்கின் ஞாபகம் வந்தது. பிழைத்தான் பையன் என்று நினைத்தேன்.

துரைக்கு நாற்காலி போடலாம் என்று, அதன்மேலிருந்த என் தூக்கை எடுத்தேன். பரபரப்பில் தூக்கின் மூடி கணீரென்று தட்டியது.

அவ்வளவுதான். வெள்ளை அரிசிக் கூண்டே எழுந்தது. படபடவென்று சிறகடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கம்பியைக் கொத்திக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரே கூச்சல். ஒரு கோழி எம்பிக் குதித்து ஆ-செங் பொருத்திய கதவைத் தள்ளித் திறந்து, துரையின் பூட்ஸ்மேல் ஏறி ஓடி வந்து என் காலடியில் நின்றது. ஓட்டப் பந்தயத்தில் விட்டிருந்தால் பரிசு வாங்கியிருக்கும்.

துரை என் பக்கம் திரும்பினார். அன்றைய இங்கிலீஷை அப்படியே தமிழில் தருகிறேன்.

"இவற்றுக்கு நீ ஏதாவது போடுகிறாயா?"

"இல்லை, சார்."

"ஒன்றுமே இல்லையா?"

"ஒன்றுமே இல்லை, சார். அப்பாவுக்குத்தான் ஒரு பிடி வைப்பேன்."

"உன் அப்பாவா? இங்கே இருக்கிறாரா?"

"காலமாகிவிட்டார், சார்."

துரை கூண்டைப் பார்த்தார். காலடியில் நின்ற கோழியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இதில் எது?" என்றார்.

டாக்டர் ஓங் என் தூக்கைத் திறந்து, ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். என்ன அரிசி என்று கேட்டார். புழுங்கல் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அவர் கோழிக்கூண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். துரை சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்தார். உங்கள் வியாதியைப் பற்றி இந்தக் கோழிகளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி அரிசி மாறாது என்பதற்கு அதுதான் உத்தரவு.

நான் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, டாக்டர் போகச் சொல்வார் என்று நின்றேன். அவர் வேறு கேட்டார்.

"தினமும் இங்கேயா சாப்பிட்டாய்? கோழிகளோடு?"

"தனியாகச் சாப்பிட முடியவில்லை, டாக்டர்."



"நான் மேலே இருந்தேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே ரிக்ஷா வைத்துக்கொண்டு போய் ஆ-செங்கைக் கூட்டிவந்தார். துரை நம்பினாலென்ன, நம்பாவிட்டாலென்ன, ஒரு பிடிச்சோறு ஒரு கூண்டுக் கோழியைக் காப்பாற்றியதை டாக்டர் ஓங் தம் கண்ணால் பார்த்துவிட்டார். பொன்னம்மா அக்காவிடம் மூன்று பேருக்குத் தூக்குக் கேட்டேன்.

"சீனாக்காரருக்கா? நம்ம புழுங்கச் சோறு அவங்களுக்கு எறங்குமா தம்பி?" என்றாள்.

"எறங்கும்க்கா. கோழிக்கே எறங்குச்சு."

மாடி மேஜையில் ஒரு கோடியில் அவருடைய பன்றி இறைச்சி, மறு கோடியில் என் வாழையிலை, நடுவில் ஆ-செங். முதல் நாள், பழக்கத்தில் ஒரு பிடியை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தேன். டாக்டர் தன் தட்டை என் பக்கம் நீட்டினார். உன் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டாரே என்று கேட்டார். அன்றிலிருந்து முதல் பிடி அவர் தட்டில்தான் விழுந்தது. ஆ-செங்கின் வீக்கம் மெல்ல வடிந்தது. தடியூன்றி நடந்தான், பிறகு தடியில்லாமல் நடந்தான், பிறகு வேலை தேடி ஆற்றின் மேற்பக்க ஊர்களுக்குப் போய்விட்டான்.

டாக்டர் ஆராய்ச்சியை மறுபடி செய்தார், இந்தத் தடவை கூண்டுக்குப் பூட்டுப் போட்டு. கோழிகளுக்குச் சொன்னபடி கால் விழுந்தது. துரைக்கு எழுதினார். துரை சீமைக்கு விடுப்பில் போயிருந்தார், பதில் வரவேயில்லை. அதற்கு மேல் வீட்டை வைத்திருக்க முடியாமல் டாக்டர் ஊருக்குக் கிளம்பினார். கப்பல் துறையில் என் கையைப் பிடித்து, நேரத்துக்குச் சாப்பிடு என்றார், அவ்வளவுதான். நான் அறைக்கு வந்து தூக்கைத் திறந்தேன். பிடியை உருட்டினேன். வலையில்லாத ஜன்னல், காக்காய் உடனே வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்த புதிதில் இருந்த தனிமை வேறு, இது வேறு.

பிறகு கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் ஆயிற்று. என் வீட்டில் இந்தக் கதை தெரியாத பூனைக்குட்டி கிடையாது. நான் கொல்லைக்குச் சோற்றை எடுத்துக்கொண்டு போனால் என் கடைசிப் பெண் பின்னாலேயே வந்து, துரையின் குரலில், "இதுல தாத்தா எதுப்பா?" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆமாம், எங்கள் கொல்லையில் கோழிக்கூண்டு இருக்கிறது. சைவ வீட்டில் இது எதற்கு என்று வருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். முட்டையை அடுத்த வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

காக்காய்க்கு ஒரு பிடி, கோழிக்கு ஒரு பிடி வைப்பேன். ரெண்டையும் சுவர்மேலயே வெச்சா என்ன என்று என் மனைவி கேட்டுப் பார்த்தாள். காக்காய்க்கு வைப்பது காலமானவர்களுக்கு. டாக்டர் ஓங் காலமாகிவிட்டார் என்று இதுவரை எனக்கு யாரும் எழுதவில்லை.