வரிசை எண் முப்பத்தொன்றைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டி

மதிப்பிற்குரிய செவிலியர் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களுக்கு, இரண்டாம் ஆண்டு மாணவி, வரிசை எண் முப்பத்தொன்றின் தகப்பன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் ஆசிரியைகளும் காய்ச்சல் அண்டாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே எங்களுக்கும் காய்ச்சல் இல்லை, நிம்மதியும் இல்லை.

ஊரெல்லாம் தொற்றுக் காய்ச்சல் என்று விடுதியை மூடிப் பிள்ளைகளை அனுப்பினீர்கள், சரி. 'குடும்பத்தாருக்கு நோய்த்தடுப்புப் பழக்கங்களைக் கற்றுக்கொடுத்து, தினமும் தகப்பனிடம் கையெழுத்து வாங்கு' என்று ஒரு படிவத்தையும் கொடுத்தீர்களே, அங்கேதான் பிடித்தது சனி. முதல் நாள் மூன்று முறை கை கழுவிவிட்டு எட்டு என்று எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் முப்பது வருடமாக அப்படித்தான் படிவம் நிரப்புகிறோம். அவள் என் கையைத் திருப்பிப் பார்த்து, "இது கழுவினது இல்லப்பா, நனைச்சது" என்று சொல்லி, இரண்டு கையிலும் நீல மையைப் பூசி, அது போகும்வரை சோப்புப் போட வைத்தாள். நகக்கண்ணில் மிச்சமிருந்த மையைப் பார்த்த மேலாளர், காணாமல் போன முத்திரை மையைப் பற்றி என்னிடம் விசாரித்தார். ஊரிலிருந்து வந்த என் மைத்துனரின் நெற்றிக்கு நேரே அவள் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்ட, மனிதர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அவரை மொட்டைமாடியில் உட்கார வைத்து, தேநீரை ஸ்டூலில் வைத்துத் துடைப்பக்கட்டையால் தள்ளினாள். என் மனைவியோ, "படிக்கிற புள்ள சொல்றா, கேட்டா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?" என்கிறாள். மிளகாய் நெடியில் இரண்டு தும்மல் தும்மினேன் அம்மா, அதற்கு ஐந்து நாள் தனி அறை! செய்தித்தாள் கதவுக்கு அடியில் வருகிறது, அதுவும் வெயிலில் காய்ந்து, நேற்றைய தேதியோடு.

ஆகவே தயவுசெய்து அவளை உடனே கல்லூரிக்கு அழைத்துக்கொள்ளுங்கள். தங்கள் கல்லூரி பல்லாண்டு செழிக்கட்டும். எங்கள் வீட்டுக்கு வெளியே செழிக்கட்டும்.

இப்படிக்கு,
அறைக்குள்ளிருந்து,
தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "அப்பா, காலேஜ்ல கூப்பிட்டுட்டாங்க. திங்கட்கிழமையிலேருந்து காய்ச்சல் வார்டுல எங்களுக்கு டியூட்டி." பெட்டி அடுக்குகிறாள், பாட்டு வேறு பாடுகிறாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள் அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது. கொஞ்ச நாள் எங்களோடேயே இருக்கட்டும்.