கல்லில் ஒரு பெயர்

இன்று எப்படியும் மினேகோவிடம் சொல்லிவிடுவது என்று ஒசாகாவில் ரயில் ஏறும்போதே தீர்மானித்துவிட்டேன். எழுபத்தொரு வயதில் மனைவிக்குப் பயப்படுவதற்கும் ஓர் அளவு உண்டு.

விஷயம் இதுதான். எங்கள் குடும்பக் கல்லறைக் கல்லில் என் பெயரோடு அவள் பெயரையும் செதுக்கும்படி, அவளைக் கேட்காமலே கல்தச்சனிடம் சொல்லிவிட்டேன். உயிரோடு இருப்பவர்கள் என்பதால் செதுக்கிய எழுத்துக்குச் சிவப்பு மை. அடுத்த வாரம் முன்னோர் கல்லறையைக் கழுவும் நாள், வந்தால் பார்த்துவிடுவாள். அந்தக் கல்லுக்கடியில் மூன்று வருடமாக என் அம்மா இருக்கிறாள். அம்மாவோடு காலம் முழுக்கத் தனியாக இருக்க எனக்குத் தைரியம் இல்லை. எனவே கோவில் ஊரான நாராவுக்கு அவளை அழைத்து வந்தேன். பெரிய புத்தருக்கு முன்னால் யாருக்கும் கோபம் வராது என்று கணக்குப் போட்டேன்.

கோவில் வாசலிலேயே, அங்கே கூட்டமாகத் திரியும் மான்களில் ஒன்று நான் எழுதி வைத்திருந்த பேச்சைத் தின்றுவிட்டது.

"என்ன காகிதங்க அது?"

"மருந்துச் சீட்டு."

"சரி, மானுக்காவது ரத்த அழுத்தம் குறையட்டும்."

புத்தர் முன்னால் வாய் வரவில்லை. மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து, இலையில் மடித்த கானாங்கெளுத்திச் சோற்றைப் பிரித்தபோது ஆரம்பித்தேன்.

"மினேகோ, நம்ம காலத்துக்கப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா..."

"உங்கம்மாகூடயா?"

நான் மீனை மென்றேன்.

"முப்பத்தெட்டு வருஷம் அந்த வீட்ல கடைசியா குளிச்சவ நான். உங்கப்பா, நீங்க, உங்க தம்பி, உங்கம்மான்னு எல்லாரும் இறங்கி எழுந்த தொட்டியில, ஆறின தண்ணியில. மாசமா இருந்தப்பவும் அப்படித்தான். ஒரு நாளாவது 'நீ முதல்ல போ'ன்னு சொன்னீங்களா?"

"அது வழக்கம்..."

"உயிரோட இருந்தவரைக்கும் வழக்கம். செத்தப்புறமும் அவங்க காலடியிலயா?"

அவள் குரல் உயரவே இல்லை. அந்தத் தண்ணீரைத் தினமும் காய்ச்சியவளும் அவள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. இலையை மறுபடி மடித்தேன்.

"வாங்க, பக்கத்துல ஒரு சின்னக் கோவில் இருக்கு," என்றாள்.

அங்கே ஒரு வயதான பிக்குணி, எங்களை எதிர்பார்த்திருந்தவர் போலத் தேநீர் ஊற்றினார். பின்புறம் மரங்களுக்கடியில் ஒரே ஒரு கல். பெண்களுக்கு மட்டுமான பொதுக் கல்லறை. மினேகோ தனக்கு அங்கே இடம் பிடித்து ஒரு மாதம் ஆகிறதாம்.

"அம்மா, நானும் இங்கேயே வரலாமா?" என்று பிக்குணியிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்பதுதான் உண்மை.

"ஆண்களுக்கு இடமில்லீங்க. ஆனா இந்தப் பத்திரத்துல கையெழுத்துக்குப் பதிலா உங்க முத்திரையைக் குத்தணும். இவங்க அஸ்தியைக் கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பு உங்களுது."

"முத்திரை வீட்ல இருக்கே" என்று தப்பிக்கப் பார்த்தேன். மினேகோ தன் கைப்பையைத் திறந்து என் முத்திரையை எடுத்து வைத்தாள். மைப் பெட்டியையும் வைத்தாள்.

"அப்போ அந்தக் கல்லு..." என்று இழுத்தேன்.

"என் பேர் வேண்டாம்னு போன வாரமே கல்தச்சன்கிட்ட சொல்லிட்டேன். உங்க பேர் மட்டும் இருக்கு. அழகா செதுக்கியிருக்கான்."

முத்திரையைக் குத்தினேன். குத்திய பிறகுதான் யோசித்தேன்.

"உன் அஸ்தியை நான் கொண்டு வரணும்னா, நீ போறவரைக்கும் நான் சாகக் கூடாதே?"

"ஆமாங்க," என்றவள், என் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை உருவி, பிக்குணியின் குப்பைக் கூடையில் போட்டாள்.

அம்மாவிடம் தனியாகத்தான் போகப்போகிறேன். அதுவும் தாமதமாக, சிகரெட் இல்லாமல்.