ஏழு விநாடி மௌனம்

முகர்ந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்டு, அந்தத் தொழிலில் மூக்கின் உதவியே இல்லாமல் உச்சியைத் தொட்ட ஒரே மாமனிதர் என் அத்தான்தான். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு, அவரது ஒயின் நிறுவனத்தின் இயக்குநரும் விளம்பரப் பிரிவுத் தலைவருமான என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர் மனைவி என் அக்கா என்பது தற்செயல்.

அத்தான் வேதியியல் மாணவராக இருந்தபோது, பாட்டிலைத் தள்ளிப் பிடித்து ஆவியைக் கையால் விசிறித்தான் மோந்து பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் படித்துப் படித்துச் சொன்னார். அத்தானுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. அம்மோனியா பாட்டிலுக்குள் மூக்கை விட்டு மூச்சை ஆழ இழுத்தார். அன்றோடு அந்த மூக்கு அறிவியலுக்கு அர்ப்பணமானது.

செய்முறைத் தேர்வில் பக்கத்து மேசை அக்காவுடையது. அவள் ஒரு முறை இருமினால் வினிகர் வாடை. இரண்டு முறை என்றால் அழுகிய முட்டை. இருமாவிட்டால் குறை ஒன்றுமில்லை. அத்தான் முதல் வகுப்பில் தேறினார். ஓயாமல் இருமித் தேர்வுக்கு 'இடையூறு' செய்ததற்காக அக்காவுக்குப் பத்து மார்க் வெட்டினார்கள். காதல் மலர இதைவிட என்ன வேண்டும்?

ஒயின் கெட்டுப்போனால் பெரும்பாலும் இந்த இரண்டு வாடையில் ஒன்றுதான் வரும். அதாவது, வாழ்க்கை அத்தானிடம் அதே கேள்வித்தாளைத்தான் கொடுத்தது. பழரச ஆலையில் நான்கு ஆண்டு, வேறொருவரின் ஒயின் ஆலையில் ஆறு ஆண்டு, பிறகு சொந்த நிறுவனம் என்று விறுவிறுவென ஏறினார். ஒவ்வொரு படியிலும் அக்கா 'துணைக்கு' இருந்தாள். திராட்சையை என்றைக்குப் பறிப்பது, எந்த ஈஸ்ட் போடுவது, எந்தப் பீப்பாயை எப்போது திறப்பது போன்ற சில்லறை வேலைகளை அவள் பார்த்துக்கொண்டதால், அத்தானால் முக்கியமான வேலையில் கவனம் செலுத்த முடிந்தது. நாற்காலி தேர்ந்தெடுப்பதில், உதாரணமாக.

சோதனைக் கூடத்தில் கோப்பைகளைத் தட்டில் ஏந்தி வருபவள் அக்கா. அத்தான் கோப்பைக்குள் மூக்கை வைத்து, கண்களை மூடி, ஏழு விநாடி அசையாமல் நிற்பார். இருமல் வருகிறதா என்று காத்திருக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். பத்திரிகைகள் அதைத் 'தியானம்' என்றன. வாயில் மட்டும் ஒரு சொட்டு விடமாட்டார். "குடிக்கிறது எல்லாரும் பண்றது" என்பார். சனிக்கிழமைதோறும் 'மௌன முகர்தல்' பயிற்சி வகுப்பு தொடங்கினோம். பெரிய பெரிய மேலாளர்கள் காலிக் கோப்பைக்குள் மூக்கை விட்டுக் கண்கலங்கினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா ஒரு விண்ணப்பம் கொடுத்தாள். அவளைத் தலைமை ஒயின் வல்லுநராக நியமிக்க வேண்டும். பாட்டிலில் அவள் கையெழுத்து இருக்க வேண்டும். இருபது வருடத்தில் அவள் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். இயக்குநர் குழு அவசரமாகக் கூடியது. குழு என்றால் அத்தானும் நானும்.

"என்ன மச்சான் பண்றது?"

"குடுத்தா ஏன் குடுத்தீங்கன்னு கேப்பாங்க அத்தான். விஷயம் உங்க மூக்குல வந்து நிக்கும்."

"அய்யய்யோ."

"குடும்பத்தில் ஒருவர் என்பதால் தனிப் பதவி தேவையில்லை என ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது" என்று என் கையாலேயே எழுதினேன். அக்கா படித்துப் பார்த்தாள். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி" என்றாள். 'மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்' என்று கூட்டக் குறிப்பில் பதிந்தேன்.

அடுத்த வாரம், பன்னிரண்டு ஓட்டல்களுக்கு ஒயின் வாங்கும் அம்மையார் வந்தார். அவர் ஆர்டர் கிடைக்காவிட்டால் ஆலையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"மூணு கிளாஸ் வெச்சிருக்கேன் சார். ஒண்ணு எங்க கிச்சன் வினிகர். ஒண்ணு உங்க ஒயின். இன்னொண்ணு வேற கம்பெனி. எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

அக்கா தட்டை ஏந்தி வந்தாள். முதல் கோப்பை. ஏழு விநாடி. இருமல் இல்லை.

"அருமை" என்றார் அத்தான்.

இரண்டாவது. இருமல் இல்லை.

"ஆகா! இதுதாங்க நம்மளோடது. என் உயிரே இதுல இருக்கு!"

மூன்றாவதிலும் அக்கா வாயைத் திறக்கவில்லை. அத்தானின் ஒரு கண் மெல்லத் திறந்தது. முதல் இரண்டும் நல்லது என்றால் இதுதானே வினிகராக இருக்க வேண்டும்? அக்காவுக்காக நானே ஒரு முறை இருமினேன். பழக்கமில்லாத தொண்டை, இரண்டாக வந்துவிட்டது.

"சீச்சீ! அழுகின முட்டை!" என்று அத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அதுதான் சார் உங்க ஒயின்" என்றார் அம்மையார்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"நடுவுல இருக்கறது வினிகர்மா. மூணாவது எங்களோடது, ஆறாம் நம்பர் பீப்பாய். இன்னும் ஒரு மாசம் விட்டிருக்கணும், நான் சொல்லியும் கேக்காம அவசரப்பட்டுட்டாங்க."

"மோந்துகூட பாக்கலையே, எப்படித் தெரியும்?"

"தட்டைத் தூக்கிட்டு வந்தது யாரு?"

"ஏன் இருமல?" என்று அத்தான் கிசுகிசுத்தார்.

அக்கா கிசுகிசுக்கவில்லை. "அது பதவியில இருக்கறவங்க வேலைங்க. நான் குடும்பத்துல ஒருத்திதானே?"

அம்மையார் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் அடங்க வெகுநேரம் ஆனது. ஆர்டர் கிடைத்தது. ஒரே நிபந்தனை: ஒவ்வொரு பாட்டிலிலும் தலைமை ஒயின் வல்லுநராக அக்காவின் கையெழுத்து இருக்க வேண்டும்.

அத்தான் இடிந்துபோவார் என்று பயந்தேன். மனிதர் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா! இருபது வருஷமா மூச்சைப் புடிச்சுக்கிட்டே இருந்தேன்டா மச்சான்" என்றார். தலைவர் நாற்காலியை அக்காவிடம் விட்டுவிட்டு, இப்போது சனிக்கிழமை வகுப்பை மட்டும் நடத்துகிறார். அதற்கு மூக்கு தேவையில்லை.

மறுநாள் இயக்குநர் குழு அக்காவின் தலைமையில் கூடியது. ஒரே பொருள், என்னுடைய பதவி. அக்கா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒரு எழுத்துகூட மாற்றியிருக்கவில்லை. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. அவ்வளவு கச்சிதமாக எழுதியிருந்தேன்.

"சரி" என்றேன்.

'மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்' என்று அக்கா எழுதிக்கொண்டாள்.