விசில் அண்ணாச்சி இறக்கிய வளையம்

கண்டக்டரைக் கீழே விட்டுவிட்டு பஸ்ஸை மட்டும் ஊருக்கு அனுப்பிவைத்த கூடைப்பந்துக் கோச் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கோவில்பட்டியில் எங்கள் தெருவில் இருந்தார். பெயர் விசில் அண்ணாச்சி. சொந்தப் பெயரைத் தபால்காரர்கூடக் கேட்டதில்லை.

பஸ் ஸ்டாண்டில் குறுக்கே ஓடிய மகள் ரூபியை நிறுத்த அண்ணாச்சி விசில் அடித்தார். அவள் நிற்கவில்லை என்று இன்னொன்றும் அடித்தார். ரெண்டு விசில் கேட்டால் டிரைவர் என்ன செய்வார்? கடம்பூர் பஸ் கிளம்பிவிட்டது. டீ கிளாஸோடு பின்னால் ஓடிய கண்டக்டர் திட்டினார். அண்ணாச்சி அசரவில்லை.

"தம்பி, டீ சிந்துது பாருங்க. முழங்கால மடக்கி ஓடணும்."

அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ரூபி கைக்குழந்தையாக இருந்தபோதே மனைவி இறந்துவிட்டாள். சடை பின்னுவது முதல் சாம்பார் வரை எல்லாம் அவரேதான். ஊரே ஹாக்கி மட்டையோடு திரிய, இவர் மட்டும் கரிசல் பொட்டலில் இரும்புக் கம்பம் நட்டுக் கூடைப்பந்து வளையம் மாட்டினார். ஹாக்கியில் கழித்துவிட்ட பிள்ளைகள்தான் அவருடைய டீம். மழை பெய்தால் பந்து சகதியில் ஒட்டிக்கொள்ளும், வெயில் அடித்தால் வெடிப்பில் விழும். விடியுமுன்னே விசில் கேட்கும். தெருவே அவரைச் சபித்துக்கொண்டு எழுந்திரிக்கும்.

வளையம் ரூபிக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கும். அவள் வளர வளர போல்ட்டைக் கழற்றி ஏற்றுவார். நாகலாபுரத்திலிருந்து ஆட வந்த டீமின் வாத்தியார் அண்ணாந்து பார்த்தார். அண்ணாந்து பார்க்கத் தேவையே இல்லை என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டார்.

"சட்டப்படி இந்த உயரம் கிடையாதே, அண்ணாச்சி?"

"சட்டத்து உசரத்துக்கு எம் புள்ள இன்னும் வளரல. கொஞ்சம் பொறுங்க."

ரூபி சட்டத்தையும் தாண்டி வளர்ந்தாள். விளையாட்டிலேயே வேலை வாங்கி, கல்யாணமாகிப் புனேயில் குடியேறினாள். பிறகு ஒருநாள் பார்த்தால் வளையம் அண்ணாச்சியின் நெஞ்சுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"பேத்தி வாரா. லீவுக்குக் கூட்டிட்டு வாரேன்னு ரூபி சொல்லியிருக்கா."

அந்த லீவுக்கு வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஏதோ ஒன்று. வளையத்தை ஏற்றச் சொல்லிப் பையன்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். "ஏலே, ஏத்திட்டா அவ வாற அன்னைக்கு யார் இறக்குவா?" என்று மறுத்துவிட்டார். குனிந்து பந்து போட எந்தப் பையன் வருவான்? ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் அண்ணாச்சி மட்டும் தனியாகப் பந்து போட்டு, தானே விசில் அடித்து, தானே ஃபவுல் என்று கை தூக்கிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தோம். பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம்.

அண்ணாச்சி போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். ரூபியைக் கேட்டுக்கொண்டு, கழுத்து விசிலோடுதான் அடக்கம் செய்தோம். அவள் தனியாக வந்திருந்தாள். பிறகு ஜெபக் கூட்டத்துக்குத்தான் மகளைக் கூட்டி வந்தாள். கூட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளை பொட்டலுக்கு ஓடியது. கிடந்த பந்தை எடுத்து எம்பிப் போட்டது. வளையத்துக்குள் விழுந்தது. உயரம் அத்தனை கச்சிதம்.

பிள்ளை திரும்பி எங்களைப் பார்த்தது. ரூபி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த விசிலை, அப்போது ஒரே ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்றிருந்தது எனக்கு.