அரிசி தூங்கிய தொட்டில்

என் வாழ்க்கையில் நடந்த கேடுகளில் பாதி, புரியாத விஷயத்துக்குத் தலையாட்டியதால் வந்தவை. மீதிப் பாதி, அப்படித் தலையாட்டிவிட்டு அதைப் பிறருக்கு விளக்கப் போனதால் வந்தவை. கிளினிக்கில், கார் பட்டறையில், எங்கே யார் என்ன சொன்னாலும் என் தலை என்னைக் கேட்காமலே ஆடத் தொடங்கிவிடும். "புரியலங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. (என் கல்யாணத்தில் ஐயர் சொன்னதற்கெல்லாம்கூட ஆட்டினேன். எதற்கெல்லாம் ஒப்புக்கொண்டேன் என்பதை இன்றுவரை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன்.)

இந்தத் தலையால் வந்த வினைகளில் பெரியது தொட்டில் விவகாரம்.

எட்டு வருடத்துக்கு முன் என் தங்கை மலருக்கு ஆயர் தாவாரில் ஆண் குழந்தை பிறந்தது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. ஆகவே பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது மொத்தமும் நான்தான். அதாவது, ஈப்போ புந்தோங்கில் ஒரு வாடகை அறை, ஒரு மோட்டார் சைக்கிள், கைபேசி உறை விற்கும் கடையில் ஒரு வேலை. குழந்தைக்கு இருபது நாள் ஆனபோது, மதியம் நான் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் மலர் போன் செய்தாள்.

"அண்ணே, முடியலண்ணே."

"என்னாம்மா ஆச்சு?"

"இருவது நாளா தூங்கலண்ணே. தொட்டில ஆட்டுறத நிப்பாட்டுனா அழுவுறான். ஆட்டி ஆட்டிக் கையி கழண்டு போச்சு. ஒரு ரெண்டு மணி நேரம் தூங்குனா போதும், வேற ஒண்ணுமே வேணாம்."

அப்புறம் அழுதாள். கார் ஓட்டும் சோதனையில் மூன்று முறை தோற்றும் அழாதவள் அவள். மீ தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் கணவர் சுரேஷ் லூமுட் படகுத்துறையில் வேலை, விடிவதற்குள் கிளம்பிவிடுவார். உதவிக்கு ஆளில்லாத வீடு என்றால் அதுவும் இல்லை. சுரேஷை வளர்த்த ருக்மணி பெரியம்மா அங்கேதான் இருந்தார். அதுவும் எப்பேர்ப்பட்ட ஆள்! ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையில் இருபது வருடம் ஆயாவாக இருந்தவர். "பதினாறு தொட்டில ஒரே கயித்துல கட்டி, ஒரே இழுப்புல ஆட்டுனவ நானு" என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லுவார்.

அந்தப் பெரியம்மா பிள்ளையைத் தொடாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு போன். முதல் வாரத்தில் மலர் தெரியாத்தனமாகக் கைபேசியில் தாலாட்டு போட்டுவிட்டாள். "போனே பாடுது, நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்த பெரியம்மா, அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. மலர் ஏன் கைபேசியில் போட்டாள் என்று கேட்டால், பெரியம்மாவின் குரல் அப்படி. அதைப் பற்றிப் பிறகு.

முப்பதாம் நாள் பூசைக்குத் தாய்மாமன் தொட்டில் கொண்டு போக வேண்டும் என்பது முறை. என் தங்கை தூங்க வேண்டும் என்பது என் முறை. இரண்டையும் ஒரே கல்லில் அடிக்கத் தானாக ஆடும் தொட்டிலைத் தேடி ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன். இரும்புத் தாங்கி, உச்சியில் சோற்றுச் சட்டி அளவுக்கு ஒரு மோட்டார், அதிலிருந்து தொங்கும் ஸ்பிரிங், அதன் கொக்கியில் துணித் தொட்டில். மோட்டார் ஓடினால் தொட்டில் மேலும் கீழும் ஆடும். சீனக் கடைக்காரர் மலாயில் விளக்கினார்.

"இனி செமுவா ஆட்டோ, போஸ். டியா பாண்டாய் செண்டிரி லா." (எல்லாம் தானாக நடக்கும், அதற்கே புத்தி உண்டு என்று அர்த்தம்.)

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. ரிமோட்டில் இருந்த ஐந்து பொத்தான்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, காதைக் காட்டி, வாயைக் காட்டி, குழந்தை போல ஒரு முறை அழுதும் காட்டினார். நல்ல மனிதர், ரசனையான ஆள் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். விளக்கப் புத்தகம் முழுக்கச் சீனத்தில் இருந்தது. அதற்கும் தலையாட்டினேன்.

தொட்டிலை வாங்கி வந்து அறையில் பூட்டி முடித்ததும் மலரிடமிருந்து அவசரச் செய்தி வந்தது. "அண்ணே, வெறுந் தொட்டில ஆட்டிப் பாத்துறாத. பிள்ளைக்கு ஆகாதாம். பெரியம்மா கண்டிப்பா கேப்பாங்க." சரிதான் என்று ஐந்து கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றிப் போட்டு ஆட்டினேன். என்ன சுகம்! அரிசி அசையாமல் தூங்கியது. பார்த்துக்கொண்டே நானும் தூங்கிவிட்டேன். விழித்தபோது அரிசி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. விஞ்ஞானம் என்றால் இதுதான் என்று தோன்றியது.

முப்பதாம் நாள் காலை நண்பனின் வேனில் தொட்டிலை ஏற்றிக்கொண்டு போனேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் ஓரவீடு. கூடத்தில் புதிதாகப் பதித்த வெள்ளை மார்பிள். அதன் நடுவே தொட்டிலை நிறுத்தி, பிளக்கைச் சுவரில் மாட்டி, மல்லிகைச் சரம் சுற்றினோம். மலர் குழந்தையை ஏந்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல் இருந்தது. என்னைப் பார்த்து, "இது நிசமாவே ஆடுமாண்ணே?" என்றாள். "ஒன் அண்ணன் கொண்டு வந்ததும்மா" என்றேன். அதுவே பதில் என்று அப்போது நினைத்தேன்.

ருக்மணி பெரியம்மா தொட்டிலை மூன்று முறை சுற்றி வந்தார்.

"கரண்டுல புள்ளையப் போடுறதா? என்னாய்யா இது, கோழிக்குஞ்சு பொரிக்கிற மிசினா?"

"இல்ல பெரியம்மா, சேஃப்டி. எல்லாம் ஆட்டோ."

"தாய்மாமன் சீரு, வேணாங்க முடியாது. ஆனா கையாலத்தான் ஆட்டுவோம். மிசின நிப்பாட்டிப்புடு. இந்த வீட்டுல வெறுந் தொட்டிலு ஆடக்கூடாது. ஆடுச்சுன்னா..." என்று சொல்லி என் கண்ணுக்குள் பார்த்தார்.

நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தும் பொத்தானாகத் தெரிந்த ஒன்றை அழுத்தினேன். மோட்டாரில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் நல்லதுதானே?

அவர்கள் வீட்டு வழக்கப்படி முதலில் சாமி பாட்டு. அடுத்து, பிள்ளை கல்லைப்போல் உறுதியாக வளரட்டும் என்று அம்மிக் குழவியைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். குழவியை எடுத்துவிட்டுப் பிள்ளையைப் போடுவார்கள். மாமன் காதில் பேர் சொல்லுவான். நாற்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு மாரியாத்தா மேல் ஒரு பாட்டை எடுத்தார்.

இப்போது அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாறு தொட்டிலுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரல் அது. மெல்லியது, உச்சத்தில் போய் அங்கேயே நிற்பது. பாட்டு இரண்டாவது அடியை எட்டியபோது, மல்லிகைச் சரத்தோடு வெறுந் தொட்டில் ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு நிதானமாக மேலும் கீழும் ஆடத் தொடங்கியது.

பெரியம்மா பாட்டை நிறுத்தினார். நாற்பது பேரும் மூச்சை நிறுத்தினார்கள். தொட்டில் மெல்ல அடங்கி நின்றது.

"எவன்டா ஆட்டுனது?" என்று பெரியம்மா கத்தினார். தொட்டில் மறுபடியும் துள்ளியது.

கூடத்தில் ஆளாளுக்கு அலறினார்கள். அலற அலறத் தொட்டில் வேகமெடுத்தது. யாரோ மேலே சுற்றிய காற்றாடியை நிறுத்தினார்கள். பயனில்லை. எல்லாக் கண்ணும் என்மேல் திரும்பியது. நான் ரிமோட்டின் ஐந்து பொத்தானையும் வரிசையாக அழுத்தினேன், ஒன்றாக அழுத்தினேன், கடைசியில் தாவிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட்டேன். "கரண்ட் இல்ல! பாருங்க, கரண்ட் இல்ல!" என்று பிளக்கைத் தூக்கிக் காட்டினேன்.

பிளக் என் கையில் இருந்தது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் அந்தக் கூடத்தில் என்னைவிட அதிகம் பயந்தவர் யாரும் இல்லை. கரண்ட் இல்லாமல் ஒரு மிசின் எப்படி ஓடும்? வாங்கி வந்தவனுக்கே தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்?

"வெறுந் தொட்டிலு ஆடுதுடா! எதையாச்சும் உள்ள போடு!" என்றார் பெரியம்மா.

கைக்குக் கிடைத்தது அம்மிக் குழவி. எட்டு கிலோ இருக்கும். யோசித்திருக்கலாம். ஆடும் தொட்டிலில் அதை அப்படியே போட்டேன். ஸ்பிரிங் தரைவரை நீண்டது, பிறகு போன வேகத்தில் மேலே வந்தது. குழவி தொட்டிலைவிட்டுக் கிளம்பி, மல்லிகையை இழுத்துக்கொண்டு, புது மார்பிளில் 'டங்' என்று இறங்கியது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்பிள் இரண்டாகப் பிளந்தது. குழவி உருண்டு போய்ப் பெரியம்மாவின் காலடியில் நின்றது.

இதெல்லாம் போதாதென்று என் மருமகன் வீறிட்டு அழுதான். தொட்டில் சந்தோஷமாகக் குதித்தது.

நான் மலரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீடு மொத்தமும் மானமிழந்து பிளக்கோடு நின்றுகொண்டிருந்தது. பூமி பிளக்காதா என்று கேட்கலாம் என்றால், அதுவும் ஏற்கெனவே பிளந்துவிட்டது.

குழந்தை அடங்கியது. தொட்டிலும் அடங்கியது. பெரியம்மா குனிந்து குழவியைப் பார்த்தார், நிமிர்ந்து தொட்டிலைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு அடி பாடினார். தொட்டில் ஆடியது. நிறுத்தினார். நின்றது. மறுபடி பாடினார். ஆடியது.

அவர் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது. கண்ணில் நீர் முட்டியது.

"ஆத்தா..." என்றார். "நான் பாடுனதக் கேட்டு வந்துட்டியா தாயி?"

நாற்பது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். (வாங்கின ரசீது அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.)

அடுத்து வந்தது தீர்ப்பு. "ஆத்தா ஏறுன தொட்டிலு இது. இதுல மனுசப் புள்ளையப் போடக்கூடாது. சாமி ரூமுக்குத் தூக்குங்கய்யா."

மிசினுக்குக் குங்குமம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். என் தங்கையின் தூக்கம் என் கண்ணெதிரே ஊர்வலமாகச் சாமி அறைக்குப் போனது. பிள்ளையைப் பழைய சாரோங் கைலித் தொட்டிலிலேயே போட்டார்கள். நான் அவன் காதில் "கவின், கவின், கவின்" என்று சொன்னேன். எதற்கும் இருக்கட்டும் என்று மிக மெதுவாகச் சொன்னேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மாவின் கணவர், பெரியப்பா, என்னைக் கண்ணாலேயே வாசலுக்குக் கூப்பிட்டார். எண்ணெய் ஆலையில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். தொட்டிலைத் தூக்கும் சாக்கில் மோட்டாரின் அடியைப் பார்த்துவிட்டாராம்.

"உள்ள பேட்டரி இருக்கு தம்பி. கரண்ட் போனாலும் ஓடும். பக்கத்துல சின்னதா மைக் இருக்கு. புள்ள அழுதா கேட்டுட்டுத் தானா ஆடும். கடைக்காரன் சொல்லலையா?"

சொன்னான். காதைக் காட்டி, வாயைக் காட்டி, அழுதும் காட்டினான். நான் அரிசியை வைத்துச் சோதித்தேன். அரிசி அழாது.

"அப்ப பெரியம்மா பாட்ட..." என்று இழுத்தேன்.

"அழுவுதுன்னு நெனச்சிருச்சு."

பெரியம்மா காதில் விழுந்ததா என்று உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"நீங்க சொல்லிருங்க பெரியப்பா."

"நாப்பது வருசமா இவகூடக் குடும்பம் நடத்துறேன். மிச்ச நாளையும் நடத்தணும்லா" என்றார்.

மலரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று உள்ளே போனேன். கூடத்தில் ருக்மணி பெரியம்மா சாரோங் தொட்டில் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். டிவி அணைந்திருந்தது. ஒரு கையில் தொட்டில் கயிறு. வாயில் அந்த இடத்திலேயே கட்டிய ஒரு பாட்டு, "ஈப்போ மாமன் கொண்டு வந்தான் இரும்புத் தொட்டிலு ஆராரோ" என்று போனது. கவின் கண் சொக்கிக் கிடந்தான். மலர் கயிற்றை வாங்கக் கை நீட்டினாள்.

"குடுங்க பெரியம்மா, நான் ஆட்டுறேன்."

"நீ போயிப் படு. ஆத்தாளே கேக்க வந்த பாட்டு. இவன் கேக்கமாட்டானா? போ, போ."

மலர் அறைக்குப் போனாள். மூன்று மணிக்குப் படுத்தவள், விருந்தாளிகள் விடைபெற்றபோதும், சட்டி பானை கழுவியபோதும், யாரோ பக்கெட்டைப் போட்டு உடைத்தபோதும் எழுந்திருக்கவில்லை. ஏழு மணிக்குக் கன்னத்தில் தலையணைக் கோட்டோடு வெளியே வந்து, "அண்ணே, இன்னும் போலையா?" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் அந்த மிசின் தொட்டில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

இது நடந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. பிளந்த மார்பிளை மாற்றப் பெரியம்மா விடவில்லை. ஆத்தா கால் வைத்த இடமாம். தொட்டில் சாமி அறையில்தான் இருக்கிறது. வெறுமையாக ஆடக்கூடாது என்ற சட்டம் ஆத்தாளுக்கும் பொருந்தும் என்பதால் உள்ளே ஒரு தேங்காய். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பெரியம்மா பாடுவார், தேங்காய் ஆடும். மஞ்சோங் வட்டாரத்தில் தொட்டில் போடும் வீடுகளில் எல்லாம் அவரைப் பாடக் கூப்பிடுகிறார்கள். யாராவது சந்தேகப்பட்டால் என்னைச் சாட்சிக்கு இழுப்பார். "நீயும் பாத்தல்ல தம்பி?" என்பார். "பாத்தேன் பெரியம்மா. தானாத்தான் ஆடுச்சு" என்பேன். இதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை.

ஒரே தொல்லை, பேட்டரி. சாமி அறையில் பிளக் கிடையாது. பெரியப்பாவுக்கு இப்போது ஏணி ஏற முடிவதில்லை. ஆகவே ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, பெரியம்மா குளிக்கும் நேரம் பார்த்து நான்தான் மோட்டாரை இறக்கிச் சார்ஜ் ஏற்றிவிட்டு வருகிறேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கவின் கூடத்துக்கு ஓடி, "அம்மா, சாமிக்குச் சார்ஜ் போட மாமா வந்துட்டாரு" என்று கிசுகிசுப்பான். வீடே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும், பெரியம்மாவைத் தவிர. அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

போன மாதம் வழக்கம்போல் போனேன். பெரியம்மா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனார். கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, போன வெள்ளிக்கெழம பாதிப் பாட்டுலயே நின்னுருச்சு. இந்தத் தடவ நல்லா ஃபுல்லா போட்டுட்டுப் போ. நான் மெதுவாவே குளிக்கிறேன்."

எப்போதிலிருந்து தெரியும்? முதல் நாளே தெரியுமா? அப்படியானால் அந்தக் கண்ணீர்? கேட்க வாயெடுத்தேன். ஒன்றும் புரியவில்லை.

தலையாட்டினேன்.