பினாயிலுக்கு உப்பு போட்டவள்

பத்தாம் வகுப்போடு நின்றவள், பஸ்ஸில் இறங்குமிடத்தைச் சத்தமாகச் சொல்லவே கூசுகிறவள், கட்டுரை எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஆளாளுக்கு இந்தக் கதையை நீட்டிக்கொண்டே போகிறார்கள். போன மாதம் கேட்டபோது மண்டபத்தில் பாதிப் பேர் விழுந்ததாக இருந்தது. விழுந்தது ஒருவர்தான். அதைச் சொல்லத்தான் இது.

தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவும் லிக்விடும் பினாயிலும் தயாரித்து அக்கம்பக்கம் விற்கிறேன். ஒரு பயிற்சி வகுப்பில் கற்றது. பினாயில் சுலபம். பைன் எண்ணெயும் சோப்பும் சேர்ந்த சரக்கை வாங்கித் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினால் பால் மாதிரி வெளுக்கும். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகத் தண்ணீருக்குள் நிற்கும். "போர்த் தண்ணி மட்டும் ஊத்திராதீங்க" என்று பயிற்சி கொடுத்த அம்மா சொன்னார். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். (எங்கள் ஊரில் போர் போட்டு எடுக்கிற நிலத்தடித் தண்ணீர் உப்பு. அதில் ஏதோ வாடை வரும்போல என்று நானே முடிவு செய்துகொண்டேன்.)

லிக்விட் சங்கதி வேறு. நீர்த்து ஓடினால் ஒரு கை உப்பு போட வேண்டும், தேன் மாதிரி தடித்துவிடும். கூடிப்போனால் மறுபடி தண்ணீர். அந்தப் பக்குவம் எனக்குப் பிடிபட்டிருந்தது. தூத்துக்குடிக்காரிக்கு உப்பு பிடிபடாமல் போகுமா என்று கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார். மண்டபத்து மேனேஜர் அண்ணாச்சியிடம் பேசி, அன்றைக்கு என் பினாயிலை வைத்துத் தரையைத் துடைக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

"நல்லாயிருந்தா மாசாமாசம் உனக்குத்தான்ளா ஆர்டர். என் பேரைக் கெடுத்துராத."

அண்ணாச்சி போனில் ஒரே நிபந்தனை சொன்னார். "கெட்டியா இருக்கணும், பாத்துக்கிடுங்க. கடையில வாங்குதது மோர்த்தண்ணியா ஓடுது."

நல்ல தண்ணீர் கேன் வரவழைத்துக் கலக்கினேன். வெளுத்தது, ஆனால் கெட்டி போதவில்லை. கை தானாக உப்பு ஜாடிக்குப் போயிற்று. உப்பில்லாத தண்ணீரைத் தேடி வாங்கி, அதில் நானே உப்பைப் போட்டேன். கலக்கக் கலக்க நிஜமாகவே தடித்தது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏளா, பினாயிலுக்கும் உப்பு பாப்பியோ?"

இன்னொரு பிடி போட்டேன்.

(ஏன் தடித்தது என்று பிற்பாடு பயிற்சி அம்மாவிடம் கேட்டேன். போனில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உப்பு பட்டால் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பல் கூடுமாம். கும்பல் லேசில் நகராது, அதனால் கெட்டி. கொஞ்ச நேரத்தில் கும்பல் மேலே மிதந்து, தண்ணீரை விட்டுத் தனியாகப் பிரிந்துவிடுமாம். சொந்தக்காரர்கள் சங்கதிதான்.)

விசேஷத்தன்று கேனில் மேலே எண்ணெய், கீழே உப்புத் தண்ணீர். துடைக்கிற பெண் குலுக்காமல் சாய்த்தார். மேலே நின்றதுதான் வந்தது. வாசலிலிருந்து மேடை வரை மணக்க மணக்கத் துடைத்தார். "எம் தம்பி பொண்டாட்டி பினாயிலு. தரை எப்படி மின்னுது பாத்தியளா?" என்று மதினி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் தாய்மாமா பழத்தட்டோடு உள்ளே வந்தார். முதல் அடியை அவர் வைத்தார். இரண்டாவது அடி தானாகப் போயிற்று. உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக்கொண்டே மேடை ஓரம் போய் நின்றார். தட்டு சாயவில்லை. ஒரு ஆரஞ்சுகூட உருளவில்லை.

மேளம் நின்றது.

"என்னத்த ஊத்தித் தொடச்சிய?" என்றார், தரையில் இருந்தபடியே.

தூணுக்குப் பின்னால் நின்ற என்னை மதினி கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டார். ஒரு மண்டபமே என்னைப் பார்த்தது.

"உப்பு போட்டேன்" என்றேன்.

"எதுல?"

"பினாயில்ல. கெட்டியா வரட்டும்னு."

மாமா தட்டை மடியில் இறக்கி வைத்தார். "உப்பு சரி. புளி போட்டியளா?"

மண்டபம் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நிச்சயம் நடந்தது. சாக்கு விரித்து, அதன்மேல் வரிசையாக நடந்து வந்து தாம்பூலம் மாற்றினார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் கால் தடுக்கினாலும் "புளி போட்டியளா?" என்கிறார்கள்.

மறுநாள் காலை அண்ணாச்சி போன் செய்தார். பினாயில் வேண்டாம் என்றார். பாத்திரம் கழுவுகிற லிக்விடும் நான்தான் செய்கிறேனா என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

"அதுல உப்பு உண்டா?"

"உண்டு."

கொஞ்சம் யோசித்து, ஒரு கேன் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.